வீட்டு சோலார் உற்பத்தியைக் கண்காணிப்பதும் கரண்ட் பில்லைக் குறைப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

5 கிலோவாட் பேனல் போட்டிருக்கிறேன். உச்சி வெயிலிலும் இன்வெர்ட்டர் 4 கிலோவாட்டைத் தாண்டுவதில்லை. எங்கோ பழுதா?

பெரும்பாலும் பழுது இல்லை. பேனலின் பின்புறம் அச்சிட்டிருக்கும் வாட் அளவு ஆய்வக நிலையில் எடுத்தது. சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி விழும்போது, செல்லின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது கிடைக்கும் அளவு அது. கூரை மேல் கொளுத்தும் வெயிலில் செல்கள் 60, 65 டிகிரி வரை சூடேறும். சிலிக்கான் பேனலுக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். 40 டிகிரி கூடுதல் என்றால் அதிலேயே 14 சதவீதம் போய்விடும். பேனலின் டிசி மின்சாரத்தை வீட்டுக்கான ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டரில் 3 சதவீதம், தூசியில் 4, கம்பிகளில் ஒன்றரை என்று அடுத்தடுத்துக் கழித்தால் 5 கிலோவாட் 3.9 ஆகிவிடும்.

அதனால்தான் ஆண்டின் மிகச் சூடான மாதத்தில் சாதனை உற்பத்தி வருவதில்லை. மழை விட்டுக் குளிர்ந்த காற்று வீசும் தெளிந்த நாளில்தான் வரும். மேகத்தின் ஓரத்திலிருந்து சிதறும் ஒளியும் நேர் வெயிலும் சேர்ந்து விழும் சில நிமிடங்களில் இன்வெர்ட்டர் 5 கிலோவாட்டையே தொடக்கூடும். அந்த ஒரு நொடி எண்ணை வைத்து அமைப்பை மதிப்பிட வேண்டாம்.

கிலோவாட்டும் யூனிட்டும் ஒன்றுதானா?

இல்லை. கிலோவாட் என்பது இந்த நொடியில் எவ்வளவு வேகமாக மின்சாரம் வருகிறது என்பது. யூனிட், அதாவது கிலோவாட் மணி, இதுவரை எவ்வளவு சேர்ந்தது என்பது. 2 கிலோவாட் வீதம் மூன்று மணி நேரம் ஓடினால் 6 யூனிட். பில்லில் வருவது யூனிட். இன்வெர்ட்டர் திரையில் பெரிய எழுத்தில் தெரிவது பெரும்பாலும் கிலோவாட்.

என் அமைப்பு மாதத்துக்கு எத்தனை யூனிட் தரவேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு நாளில் உங்கள் பேனல் சாய்வின் மேல் விழும் மொத்த ஒளியை, 1000 வாட் வெயில் எத்தனை மணி நேரம் அடித்ததற்குச் சமம் என்று கணக்கிடுவார்கள். அந்த எண்ணைப் பேனலின் கிலோவாட்டால் பெருக்கி, செயல்திறன் விகிதத்தாலும் (இழப்புகள் போக உண்மையில் கிடைக்கும் பங்கு) பெருக்க வேண்டும். நன்றாக நிறுவிய வீட்டு அமைப்பில் இந்த விகிதம் 0.75 முதல் 0.85 வரை இருக்கும். 5 கிலோவாட், 5 மணி நேர வெயில், 0.78 விகிதம் என்றால் நாளுக்கு 19.5 யூனிட்.

வெயில் மணி நேரத்தை ஊகிக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம் நடத்தும் பிவிஜிஐஎஸ், அமெரிக்காவின் என்ஆர்இஎல் ஆய்வகம் உருவாக்கிய பிவிவாட்ஸ், உலக வங்கியின் குளோபல் சோலார் அட்லஸ் ஆகிய மூன்று இணையக் கருவிகளும் இலவசம். இடத்தையும் சாய்வையும் திசையையும் கொடுத்தால் மாதவாரியாக யூனிட் கணக்கு வரும்.

திசையை உள்ளிடும்போது கவனமாக இருங்கள். பிவிஜிஐஎஸ்ஸில் தெற்கு 0, மேற்கு 90, கிழக்கு கழித்தல் 90. பிவிவாட்ஸில் வடக்கிலிருந்து எண்ணுவதால் தெற்கு 180. ஒன்றில் பழகிவிட்டு மற்றொன்றில் அதே எண்ணைப் போட்டால், எதிர்த்திசைக் கூரையின் கணக்கு வந்து நிற்கும். இரண்டும் சுமார் 14 சதவீத இழப்பை முன்கூட்டியே எடுத்துக்கொள்கின்றன. நிழல் உள்ள கூரைக்கு அதை நீங்கள்தான் கூட்ட வேண்டும்.

கிடைத்த 12 மாத எண்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். இனி உங்கள் உற்பத்தியைப் பக்கத்து வீட்டோடு ஒப்பிடாமல் இந்தத் தாளோடு ஒப்பிடலாம். ஒரு மாதம் 10 சதவீதம் முன்னே பின்னே போவது வானிலையின் வேலை. தொடர்ந்து மூன்று மாதம் 15 சதவீதம் குறைந்தால் காரணம் தேடுங்கள்.

செயலியில் உற்பத்தி நன்றாகத்தான் இருக்கிறது. பில் மட்டும் ஏன் எதிர்பார்த்த அளவு குறையவில்லை?

செயலி காட்டுவது ஓர் எண். பில்லைத் தீர்மானிப்பவை மூன்று: உற்பத்தி, மின் நிறுவனத்திடமிருந்து வாங்கியது, அவர்களுக்குக் கொடுத்தது. இந்த மூன்றையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் குறித்தால்தான் எதுவும் புரியும்.

எடுத்துக்காட்டாக ஒரு பில் காலத்தில் உற்பத்தி 560, வாங்கியது 240, கொடுத்தது 350 என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குள்ளேயே செலவான சோலார் மின்சாரம் 560 கழித்தல் 350, அதாவது 210. வீட்டின் மொத்தப் பயன்பாடு 210 கூட்டல் 240, ஆக 450. உற்பத்தியில் 37.5 சதவீதம் மட்டுமே வீட்டுக்குப் பயன்பட்டிருக்கிறது. வீட்டுத் தேவையில் 46.7 சதவீதத்தைச் சோலார் தாங்கியிருக்கிறது.

சோலார் வந்த பிறகு பில் குறையாத வீடுகளில் நாம் அடிக்கடி காண்பது அந்த 450 என்ற எண் சத்தமில்லாமல் ஏறியிருப்பதுதான். வெயில் இலவசம்தானே என்று ஏர்கண்டிஷனர் கூடுதல் நேரம் ஓடுகிறது, ஆனால் பாதி நேரம் இரவில் ஓடுகிறது. உற்பத்தியை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

வாங்கியதும் கொடுத்ததும் மீட்டரில் எங்கே இருக்கின்றன?

இருவழி மீட்டரின் திரை சில நொடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும், அல்லது பொத்தானை அழுத்தினால் மாறும். பல மீட்டர்களில் எண்ணுக்குப் பக்கத்தில் சிறியதாக 1.8.0 என்று வந்தால் அது வாங்கிய மொத்த யூனிட், 2.8.0 என்று வந்தால் கொடுத்த மொத்த யூனிட். 1.8.1, 1.8.2 என்று வருபவை நேரவாரிக் கட்டணத்துக்கான உட்பிரிவுகள். இந்தக் குறியீடுகள் இல்லாத மீட்டரில் இறக்குமதி, ஏற்றுமதி என்ற சொற்களின் சுருக்கமோ அம்புக்குறியோ இருக்கும். சந்தேகமாக இருந்தால் நள்ளிரவில் இரண்டு முறை பாருங்கள்: ஏறியிருப்பது வாங்கிய கணக்கு.

கைப்பேசியில் படமெடுத்து வைப்பது நல்ல பழக்கம். பில் காலம் பெரும்பாலும் மாதத்தின் முதல் தேதியில் தொடங்காது என்பதால், மீட்டர் கணக்கெடுக்க வரும் நாளிலேயே நீங்களும் எடுங்கள். இல்லையென்றால் செயலியின் மாதக் கணக்கும் பில்லின் கணக்கும் ஒருநாளும் பொருந்தாது.

இன்வெர்ட்டர் சொல்லும் யூனிட்டுக்கும் தனி உற்பத்தி மீட்டர் சொல்லும் யூனிட்டுக்கும் வித்தியாசம் வருகிறதே?

ஓரிரண்டு சதவீதம் என்றால் விட்டுவிடுங்கள். இன்வெர்ட்டருக்குள் இருப்பது கட்டுப்பாட்டுக்கான அளவி, கட்டணத்துக்கான மீட்டர் அல்ல. இரண்டுக்கும் நடுவே உள்ள கம்பி இழப்பும் சேரும். 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், செயலி டிசி பக்க உற்பத்தியைக் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். பேட்டரியுள்ள ஹைப்ரிட் இன்வெர்ட்டர்களில் இது வழக்கம். வித்தியாசத்தின் விகிதத்தை ஒருமுறை கணக்கிட்டு வைத்துக்கொண்டால் போதும், இன்வெர்ட்டர் எண்ணை எப்போதும் அதால் திருத்திக்கொள்ளலாம்.

வீட்டுப் பயன்பாட்டையும் நேரடியாகப் பார்க்க வேண்டும். கிளாம்ப் மாட்டினேன், எண்கள் தாறுமாறாக வருகின்றன.

கம்பியைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் சிடி கிளாம்பில் தவறுகள் நான்கைந்துதான். ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் உண்டு.

பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் எப்போதும் பூஜ்யத்தை ஒட்டியே காட்டும். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. ஒற்றைக் கம்பியை மட்டும் கவ்வ வேண்டும். வாய் முழுதாக மூடாமல் ஒரு நூல் இடைவெளி இருந்தாலும் அளவு குறைந்து காட்டும். மூடும்போது 'டிக்' சத்தம் கேட்க வேண்டும், உள்முகங்களில் தூசி இருக்கக்கூடாது.

அம்புக்குறியைத் திருப்பி மாட்டியிருந்தால் அடையாளம் வேடிக்கையாக இருக்கும். வெயில் ஏறஏற வீட்டுப் பயன்பாடும் ஏறும், இரவில் பூஜ்யமாகவோ எதிர்மறையாகவோ இறங்கும். வெளியே போகும் மின்சாரத்தை உள்ளே வருவதாகக் கணக்கிட்டு உற்பத்தியோடு கூட்டுவதால் வரும் விளைவு இது. கிளாம்பைத் திருப்பி மாட்டுங்கள், அல்லது அமைப்பில் குறியை மாற்றுங்கள். இரண்டையும் செய்தால் பழைய நிலைக்கே வந்துவிடும்.

மும்முனை இணைப்பில் ஒவ்வொரு கிளாம்பும் தனக்குரிய பேஸின் வோல்டேஜோடு சேர வேண்டும். சோதிக்க, ஒவ்வொரு பேஸிலும் தனித்தனியாக 2 கிலோவாட் ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள். அந்தப் பேஸில் 2000 வாட் கூடினால் சரி. கழித்தல் 1000 என்று காட்டினால் கிளாம்ப் வேறு பேஸில் இருக்கிறது. பேஸ்களுக்கு இடையே உள்ள 120 டிகிரி கோணம்தான் அந்தப் பாதி அளவையும் கழித்தல் குறியையும் தருகிறது.

இந்த வேலையை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மெயின் சுவிட்சை அணைத்தாலும் மீட்டரிலிருந்து வரும் கம்பியில் மின்சாரம் இருக்கும். மின்னோட்ட வெளியீடு தரும் வகைச் சிடி என்றால், அதன் வெளியீட்டுக் கம்பிகளை இணைக்காமல் மின்சாரம் ஓடும் கம்பியில் மாட்டவே கூடாது. ஆபத்தான வோல்டேஜ் உருவாகும்.

கருவி எதுவும் வாங்காமல் இந்த நொடிப் பயன்பாட்டை அறிய வழி இருக்கிறதா?

மீட்டரில் கண் சிமிட்டும் சிவப்பு விளக்கே போதும். அதன் அருகில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். 1000, 1600, 3200 என்பவை பொதுவானவை. 36,00,000 என்ற எண்ணைச் சிமிட்டல் எண்ணாலும், இரண்டு சிமிட்டலுக்கு இடைப்பட்ட நொடிகளாலும் வகுத்தால் வாட் கிடைக்கும். 3200 சிமிட்டல் மீட்டரில் நொடிக்கு ஒன்று என்றால் 1125 வாட். ஒரே இடைவெளியை அளக்காமல் 10 இடைவெளியை அளந்து பத்தால் வகுத்தால் துல்லியம் கூடும். பல மீட்டர்களில் வாங்கும்போதும் கொடுக்கும்போதும் விளக்கு ஒரே மாதிரிதான் சிமிட்டும். ஆகவே சூரியன் மறைந்த பிறகு அளப்பது நல்லது.

உற்பத்திக் கோட்டைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். மாத மொத்தத்தில் தெரியாத பழுதுகள் நாள்கோட்டில் பளிச்சென்று தெரியும். மேகமே இல்லாத ஒரு நாளின் கோடு மணியைக் கவிழ்த்தது போல வழவழப்பாக ஏறி இறங்க வேண்டும். அமைப்பு புதிதாக இருக்கும்போதே அப்படி ஒரு நாளைப் படமெடுத்து வையுங்கள்; மாதத்துக்கு ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

தினமும் அதே நேரத்தில் ஒரு பள்ளம் விழுந்தால் அது நிழல். தண்ணீர்த் தொட்டி, டிஷ் ஆன்டெனா, வளர்ந்துவிட்ட மரக்கிளை எதுவாகவும் இருக்கலாம். சூரியனின் பாதை மாறுவதால் வாரக்கணக்கில் அந்தப் பள்ளம் மெல்ல இடம் நகரும். அப்படி நகர்ந்தால் நிழல் என்பது உறுதி.

உச்சியில் கத்தியால் சீவியது போல மட்டமாக இருந்தால், இன்வெர்ட்டர் தன் உச்ச அளவை எட்டிவிட்டது, அல்லது வெளியே கொடுக்கும் அளவுக்கு வரம்பு போட்டிருக்கிறார்கள். 6 கிலோவாட் பேனலை 5 கிலோவாட் இன்வெர்ட்டரில் மாட்டுவது தவறல்ல. ஆண்டு முழுதும் சேர்த்து இழப்பது சொற்பம், காலையிலும் மாலையிலும் கூடுதலாகக் கிடைக்கும். மட்டம் 5 கிலோவாட்டுக்குக் கீழே, வெப்பமான நாட்களில் மட்டும் வந்தால் அது வேறு கதை: இன்வெர்ட்டர் சூடேறித் தன்னைத் தானே குறைத்துக்கொள்கிறது. மேலும் கீழும் காற்றோட்ட இடைவெளி இருக்கிறதா, நேர் வெயில் படுகிறதா, விசிறியின் வலையில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

செங்குத்தாகப் பூஜ்யத்துக்கு விழுந்து சில நிமிடங்கள் கழித்து மறுபடி ஏறினால் இன்வெர்ட்டர் தானே நின்று தொடங்குகிறது. காரணம் அடுத்த கேள்வியில். முழு நாளும் கோடு சரியாகப் பாதி உயரத்தில் இருந்தால் இரண்டு ஸ்ட்ரிங்கில் (தொடராக இணைத்த பேனல் வரிசை) ஒன்று வேலை செய்யவில்லை. ஃபியூஸ், டிசி ஐசோலேட்டர் (பேனல் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்), இணைப்பி என்ற வரிசையில் தேட வேண்டும். வடிவம் மாறாமல் 5, 8 சதவீதம் மட்டும் தாழ்ந்திருந்தால் தூசி.

சில பழுதுகள் கோட்டில் தெரியாத அளவு சிறியவை. வழக்கமான பேனலில், நிழலில் உள்ள பகுதியை மின்னோட்டம் சுற்றிக் கடக்க உதவும் மூன்று பைபாஸ் டயோடுகள் இருக்கும். அவற்றில் ஒன்று ஷார்ட் ஆனால் அந்தப் பேனலின் மூன்றில் ஒரு பங்கு வோல்டேஜ் போய்விடும். பத்துப் பேனல் ஸ்ட்ரிங்கில் அது முப்பதில் ஒரு பங்குதான். உற்பத்தி எண் இதைக் காட்டிக்கொடுக்காது, ஸ்ட்ரிங் வோல்டேஜ் காட்டிக்கொடுக்கும். சம எண்ணிக்கைப் பேனல்களுள்ள இரண்டு ஸ்ட்ரிங்குகளின் வோல்டேஜை நடுப்பகலில் ஒப்பிட்டு மாதம் ஒருமுறை குறித்து வையுங்கள். திடீரென்று ஒன்று மட்டும் 10, 12 வோல்ட் குறைந்தால் பேனல்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொல்லலாம்.

நடுப்பகலில் இன்வெர்ட்டர் நின்று நின்று ஓடுகிறது. மேகமும் இல்லை.

பிழைப் பட்டியலைத் திறந்து பாருங்கள். கிரிட் (மின் நிறுவனத்தின் மின்வலை) வோல்டேஜ் அதிகம் என்ற பிழை இருக்க வாய்ப்பு அதிகம். மின்சாரத்தை வெளியே தள்ள இன்வெர்ட்டர் தன் வோல்டேஜைக் கிரிட்டைவிடச் சற்று உயர்த்த வேண்டும். இடையில் உள்ள கம்பி மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால் கூடுதலாக உயர்த்த வேண்டும். வரம்பைத் தொட்டதும் பாதுகாப்புக்காக நின்றுவிடும்.

கணக்கே போட்டுப் பார்க்கலாம். 230 வோல்ட் ஒற்றைப் பேஸில் 5 கிலோவாட் என்றால் சுமார் 22 ஆம்பியர். இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரை 30 மீட்டர் தூரம், 4 சதுர மிமீ தாமிரக் கம்பி என்றால், போகவர 60 மீட்டரின் மின்தடை 0.26 ஓம். அதில் மட்டும் ஏறத்தாழ 5.6 வோல்ட் உயர்வு. 10 சதுர மிமீ போட்டிருந்தால் 2.2 வோல்ட்தான். கிரிட் வோல்டேஜ் ஏற்கெனவே வரம்பை ஒட்டி இருக்கும் தெருவில் அந்த 3 வோல்ட்தான் நடுப்பகல் உற்பத்தியை விழுங்குகிறது.

முதலில் இன்வெர்ட்டர் முனையிலும் மீட்டர் முனையிலும் ஒரே நேரத்தில் வோல்டேஜை அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் பெரிதென்றால் கம்பியை மாற்றுங்கள், தளர்ந்த இணைப்புகளை இறுக்கச் சொல்லுங்கள். மீட்டரிலேயே வோல்டேஜ் அதிகமாக இருந்தால் அந்த அளவுகளோடு மின் நிறுவனத்துக்கு எழுதுங்கள். டிரான்ஸ்பார்மரில் சரிசெய்ய அவர்களால் முடியும். இன்வெர்ட்டரின் பாதுகாப்பு வரம்பை நீங்களே உயர்த்திவிட வேண்டாம். நாட்டு விதிப்படி வைத்திருக்கும் வரம்பு அது, வீட்டிலுள்ள மற்றக் கருவிகளையும் காக்கிறது.

மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும் தாமதமாகத் தொடங்குகிறது?

டிசி பக்கம் எங்கோ ஈரம் இறங்குகிறது. இன்வெர்ட்டர் ஒவ்வொரு நாளும் தொடங்கும் முன் பேனல் கம்பிகளுக்கும் நிலத்துக்கும் இடையிலான காப்பு மின்தடையைச் சோதிக்கும். ஈரத்தால் அது குறைந்தால் தொடங்காது. வெயிலில் காய்ந்ததும் தொடங்கும். தானாகச் சரியாகிவிடுகிறது என்று விட்டுவிடாதீர்கள். கூரைத் தகட்டில் உரசி உறை கிழிந்த கம்பி, தண்ணீர் தேங்கும் இடத்தில் கிடக்கும் இணைப்பி, வெவ்வேறு நிறுவன இணைப்பிகளை ஒன்றோடொன்று செருகியது ஆகியவையே வழக்கமான காரணங்கள். கடைசியில் சொன்னது பார்வைக்குப் பொருந்தினாலும் உள்ளே தொடுபரப்பு சரியாக அமையாமல் சூடேறித் தீப்பிடிக்கும் அபாயம் உள்ளது. ஓடிக்கொண்டிருக்கும்போது டிசி இணைப்பியைப் பிடுங்கவே கூடாது. வரும் தீப்பொறி தானாக அணையாது.

ஒரு மூலையில் கொஞ்சம் நிழல் விழுந்தால் என்ன பெரிய இழப்பு?

எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது. நீளப் பக்கம் மேல்கீழாக இருக்கும்படி வைத்த, முழுச் செல்கள் கொண்ட பழைய வகைப் பேனலில் கீழ் வரிசைச் செல்கள் முழுவதும் நிழலில் போனால் மூன்று பகுதிகளும் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டு, அந்தப் பேனல் ஏறத்தாழ ஒன்றுமே தராது. செல்களைப் பாதியாக வெட்டி மேல், கீழ் என இரு பிரிவாக இணைத்த அரைச் செல் பேனலில் மேல் பாதி தப்பிக்கும். கீழ் விளிம்பில் அடை போலச் சேரும் மண்ணும் நிழல்தான், அதனால்தான் சாய்வு குறைந்த பேனல்களில் அதைத் துடைப்பது முக்கியம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும்?

நாட்காட்டியைப் பார்த்துக் கழுவுவதைவிட அளந்து கழுவுவது மேல். தெளிந்த நாளில் ஒரு ஸ்ட்ரிங்கை மட்டும் கழுவிவிட்டு, அடுத்த நாள் இரண்டு ஸ்ட்ரிங்கின் உற்பத்தியையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் 2 சதவீதம் என்றால் மழை வரும்வரை காத்திருக்கலாம். 5 சதவீதத்தைத் தாண்டினால் கழுவுங்கள். பறவை எச்சம் மட்டும் விதிவிலக்கு. அது ஒரு செல்லை மறைத்து அந்த இடத்தைச் சூடேற்றும் என்பதால் கண்ட உடனே எடுத்துவிடுவது நல்லது.

விடியற்காலையில், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது, மென்மையான துடைப்பானும் உப்பில்லாத தண்ணீரும் போதும். உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெண்படலம் ஒட்டிக்கொண்டு தூசியைவிட மோசமாகும். சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள். பேனல் மேல் ஏறி நிற்காதீர்கள். கண்ணாடி உடையாவிட்டாலும் உள்ளே செல்லில் மயிரிழை விரிசல் விழும்.

வைஃபை போன நாட்களில் உற்பத்தி பூஜ்யம் என்று இருக்கிறது. அந்த யூனிட்டுகள் தொலைந்தனவா?

பதிவுதான் தொலைந்தது, மின்சாரம் தொலையவில்லை. இன்வெர்ட்டரின் ஆயுள்கால மொத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். விடுபட்ட நாட்களுக்கு முன்னும் பின்னும் உள்ள மொத்தத்தைக் கழித்து இடைவெளியை நிரப்பலாம். அடிக்கடி துண்டிக்கப்பட்டால் ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தனிப் பெயரில் வையுங்கள். இன்வெர்ட்டரை வைஃபையோடு இணைக்கும் சிறு கருவிகளான டாங்கிள்களில் பெரும்பாலானவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு டாங்கிளை மறந்துபோவது இன்னொரு பொதுவான காரணம்.

நிறுவனத்தின் சர்வரை நம்பாமல் தரவை வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடியுமா?

முடியும், அப்படி வைத்துக்கொள்வதையே பரிந்துரைக்கிறோம். பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் மோட்பஸ் என்ற தரவுப் பரிமாற்ற முறையில் பேசும். ஆர்எஸ்485 வழி என்றால் இரண்டு கம்பி, வேகம் பெரும்பாலும் 9600, முகவரி பெரும்பாலும் 1. நெட்வொர்க் வழி என்றால் போர்ட் 502. ஹோம் அசிஸ்டன்ட் போன்ற இலவச மென்பொருளைச் சிறு கணினியில் ஓட்டி, 10 நொடிக்கு ஒருமுறை படித்தால் போதும்.

எதுவும் வராவிட்டால் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிப் பாருங்கள். எண் பத்து மடங்கு பெரிதாக வந்தால் கையேட்டில் உள்ள பெருக்கு எண்ணைச் சேர்க்கவில்லை. கோடிக்கணக்கில் அபத்தமாக வந்தால் 32 பிட் எண்ணின் இரு பாதிகள் முன்பின்னாக இருக்கின்றன. சில டாங்கிள்கள் ஒரே நேரத்தில் ஒருவரோடு மட்டுமே பேசும்; இரண்டு மென்பொருள்கள் கேட்டால் இரண்டும் விட்டுவிட்டுத்தான் வேலை செய்யும். யூனிட்டை வாட்டிலிருந்து நீங்கள் கூட்டிக் கணக்கிடாதீர்கள், இன்வெர்ட்டரின் சொந்த யூனிட் எண்ணையே எடுங்கள். தொடர்பு அறுந்த நேரத்துக்கும் அது சரியாக இருக்கும்.

பில்லைக் குறைக்க எங்கே தொடங்குவது?

இரவு 2 மணி முதல் 4 மணி வரையிலான பயன்பாட்டில். எல்லோரும் தூங்கும்போதும் வீடு இழுக்கும் மின்சாரத்தைச் சோலார் தொடவே முடியாது. ஒவ்வொரு வாட்டும் ஆண்டு முழுக்க ஓடினால் 8.76 யூனிட். 250 வாட் என்றால் 2190 யூனிட். ஃபிரிட்ஜ் விட்டுவிட்டு ஓடுவதால் ஒரு நொடியை அளக்காமல் இரண்டு மணி நேரச் சராசரியை எடுங்கள்.

பிறகு வீட்டின் மின்சுற்றுகளை ஒவ்வொன்றாக அணைத்து, எதில் எவ்வளவு குறைகிறது என்று எழுதுங்கள். செட்டாப் பாக்ஸ், பழைய ஸ்டெபிலைசர், எப்போதும் சார்ஜில் இருக்கும் பேட்டரி இன்வெர்ட்டர், மூடி சரியாகப் பொருந்தாத ஃபிரிட்ஜ் ஆகியவை பெரும்பாலும் அகப்படும். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கி வந்துவிட்டால் ரப்பரை மாற்றும் நேரம். இரவு முழுதும் ஓடும் சீலிங் ஃபேனும் இந்தக் கணக்கில் சேரும். சாதாரண ஃபேன் 75 வாட், பிரஷ் இல்லாத மோட்டார் கொண்ட பிஎல்டிசி ஃபேன் 30 வாட். நாளுக்கு 12 மணி நேரம் என்றால் ஒரு ஃபேனுக்கு ஆண்டில் 197 யூனிட் மிச்சம்.

பகலுக்கு வேலைகளை மாற்றினால் உண்மையிலேயே பில் குறையுமா?

உங்கள் கட்டண முறை என்ன என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இதற்குப் பதில் கிடையாது. முன் சொன்ன எடுத்துக்காட்டில் (வாங்கியது 240, கொடுத்தது 350) 90 யூனிட் வேலையை இரவிலிருந்து பகலுக்கு மாற்றினால், வாங்கியது 150, கொடுத்தது 260 ஆகும்.

கொடுத்ததை வாங்கியதிலிருந்து யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் நெட் மீட்டரிங்கில் முன்பும் 110 யூனிட் மிகுதி, இப்போதும் 110 மிகுதி. எதுவும் மாறவில்லை. அங்கே உங்கள் முயற்சி முழுவதும் மொத்தப் பயன்பாட்டைக் குறைப்பதில்தான் இருக்க வேண்டும். கொடுக்கும் யூனிட்டுக்கு வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் தருகிறார்கள் என்றால் கதை மாறும். முன்பு 240 கழித்தல் 117, அதாவது 123 யூனிட் விலை கட்டினீர்கள். இப்போது 150 கழித்தல் 87, வெறும் 63 யூனிட் விலை. ஒரு யூனிட்கூட மிச்சப்படுத்தாமல் பில் பாதியானது. உற்பத்தி முழுவதையும் தனி மீட்டர் வழியாக மின் நிறுவனத்துக்கே விற்கும் முறையில், நேரவாரிக் கட்டணம் இல்லாவிட்டால், வேலையை நேரம் மாற்றுவதில் பயனே இல்லை.

மாற்றும்போது எல்லாவற்றையும் 12 மணிக்குக் குவிக்காதீர்கள். 3.5 கிலோவாட் வரும்போது ஹீட்டர், வாஷிங் மெஷின், மோட்டார் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் மிகுதி வெளியிலிருந்துதான் வரும். ஒன்றன் பின் ஒன்றாக ஓட்டுங்கள்.

எந்தக் கருவியை முதலில் பகலுக்கு மாற்றலாம்?

வாட்டர் ஹீட்டர். 100 லிட்டர் தண்ணீரை 35 டிகிரி உயர்த்த 4 யூனிட்டுக்குச் சற்று மேல் வேண்டும். நல்ல உறையுள்ள தொட்டி பகலில் ஏற்றிய சூட்டை மறுநாள் காலை வரை தாங்கும். 3 கிலோவாட் காயிலைவிட 1 கிலோவாட் காயில் சோலாருக்குப் பொருத்தமானது. மேகம் மறைக்கும்போதும் வெளியிலிருந்து வாங்காமல் மெல்லச் சூடேற்றும். டைமரை 10 மணிக்கு வையுங்கள், தொட்டியின் தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். வெதுவெதுப்பான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும். புதிதாக வாங்குவதென்றால் ஹீட் பம்ப் ஹீட்டர் அதே வேலையை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் செய்யும்.

ஏர்கண்டிஷனரை மாலை 3 மணிக்கே போட்டு, சுவரும் தரையும் குளிர்ந்த பின் இரவில் ஒரு டிகிரி ஏற்றி வைப்பதும் பலன் தரும். ஆனால் வெயில் படும் மேல்தளத்தில், கூரைக்குக் காப்பு இல்லாத அறையில் அந்தக் குளிர் தங்காது. அங்கே கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பது முதல் வேலை.

பேட்டரி வாங்கலாமா?

உற்பத்தி, வாங்கியது, கொடுத்தது என்ற மூன்று எண்ணும் ஓர் ஆண்டுக்காவது கையில் இருந்தால் முடிவு எளிது. 10 யூனிட் உள்ளே போனால் வெளியே வருவது எட்டரை முதல் ஒன்பது. வாங்கும் விலையில் 0.88 பங்கை எடுத்து, அதிலிருந்து கொடுக்கும்போது கிடைத்திருக்கும் விலையைக் கழியுங்கள். மிஞ்சுவது பேட்டரி ஒரு யூனிட்டுக்கு ஈட்டித் தருவது. பேட்டரியின் விலையை, உத்தரவாதக் காலத்தில் அது தாங்கும் மொத்த யூனிட்டால் வகுத்தால் ஒரு யூனிட்டின் தேய்மானச் செலவு. முதல் எண் பெரிதாக இருந்தால் வாங்கலாம். நெட் மீட்டரிங்கில் அது பெரிதாக இருக்கவே முடியாது. அங்கே மின்வெட்டுக்காக மட்டுமே பேட்டரி. சாதாரண கிரிட் இன்வெர்ட்டர் மின்வெட்டின்போது, வெயில் அடித்தாலும், கம்பியில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க நின்றுவிடும்.

கொள்ளளவைத் தேர்ந்தெடுக்க, மாலை முதல் காலை வரை நீங்கள் வாங்கும் யூனிட்டையும் பகலில் வெளியே போகும் யூனிட்டையும் பாருங்கள். இரண்டில் சிறியதுதான் உங்கள் அளவு.

பேனல் தேய்கிறதா என்று எப்போது தெரியும்?

ஆண்டுக்கு அரை சதவீதம் அளவில் குறைவது இயல்பு, முதல் ஆண்டில் சற்றுக் கூடுதல். வானிலை இதைவிட அதிகம் ஆடுவதால் இரண்டு ஆண்டுத் தரவில் எதுவும் தெரியாது. அதே மாதத்தின் தெளிந்த நாட்களை, கழுவிய பேனலோடு, ஆண்டுதோறும் ஒப்பிடுங்கள். உத்தரவாதம் கேட்கும் நாள் வந்தால் பேனல்களின் வரிசை எண்கள், தொடக்க நாள் ஸ்ட்ரிங் வோல்டேஜ், மாதவாரி உற்பத்தி, பிழைப் பட்டியலின் படங்கள் ஆகியவையே கைகொடுக்கும். வரிசை எண்ணைப் பேனல் கூரைக்கு ஏறும் முன்பே படமெடுங்கள். மாட்டிய பிறகு பின்புறத்தை எட்டிப் பார்க்க வழியிருக்காது.

இதையெல்லாம் தினமும் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். வெயில் நாளில் உற்பத்தி பூஜ்யமானால் எச்சரிக்கை வரும்படி வையுங்கள். வாரம் ஒருமுறை கோட்டின் வடிவம், பில் நாளில் மூன்று எண்கள், மாதம் ஒருமுறை ஸ்ட்ரிங் வோல்டேஜ். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் இன்வெர்ட்டருக்கான பாதுகாப்புப் பெட்டியில் உள்ள சர்ஜ் பாதுகாப்பியின் (திடீர் மிகை வோல்டேஜைத் தடுப்பது) சிறு சாளரத்தைப் பாருங்கள்: பச்சை சிவப்பாக மாறியிருந்தால் உற்பத்தி ஒரு யூனிட்கூடக் குறைந்திருக்காது, ஆனால் அடுத்த மின்னலில் இன்வெர்ட்டரைக் காக்க அங்கே ஒன்றும் இல்லை. பாதுகாப்பியின் செருகு கட்டையை (கார்ட்ரிட்ஜ்) மாற்றச் சொல்லுங்கள்.